கப்பலுக்கு ஹேர் டிரையர் எடுத்துப் போகணுமா? மூன்று பேர், ஒரு கேபின், இடுப்பு வரை முடி

நீங்கள் கேட்டிருப்பது இது: மதுரையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போகிறீர்கள். அங்கிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம். நீங்கள், உங்கள் அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள் மூவருக்கும் ஒரே கேபின். மூவருக்கும் இடுப்பு வரை அடர்த்தியான முடி. வீட்டில் இருக்கும் 1,200 வாட் ஹேர் டிரையரை எடுத்துப் போவதா, கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பது உங்கள் கவலை. கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு இருக்கின்றன. கேபினில் டிரையர் இருக்குமா? இருந்தால் உங்கள் மூவரின் முடிக்கும் போதுமா? சொந்த டிரையருக்கு அனுமதி உண்டா? அனுமதி இருந்தாலும் அந்த சாக்கெட்டில் அது ஒழுங்காக ஓடுமா? கப்பல்களின் மின் பராமரிப்பு என் தொழில் என்பதால் கடைசி இரண்டையும் விரிவாகவே சொல்கிறேன். முடியைப் பற்றி நான் சொல்வது பொதுவான விஷயங்கள் மட்டும். தலையில் புண்ணோ அளவுக்கு மீறிய முடி உதிர்வோ இருந்தால் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோள்வரை முடி உள்ளவர்களும், கேபினில் ஒருவர் இருவராகத் தங்குபவர்களும் டிரையரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். கப்பலில் இருப்பதே போதும். உங்களைப் போல மூன்று பேர், மூவருக்கும் நீள முடி, ஒரே குளியலறை என்றால் ஒன்று எடுத்துப் போவது வீண்சுமை ஆகாது. ஆனால் கைக்குக் கிடைத்ததைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. டிரையரின் கைப்பிடியில் அல்லது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அதில் என்ன பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கேபினில் டிரையர் இருக்குமா என்பதில் பெரிய சந்தேகம் வேண்டாம். ராயல் கரீபியன், கார்னிவல், எம்எஸ்சி, பிரின்சஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் கேபினுக்கு ஒன்று வைப்பது வழக்கம். ஆனால் கண்ணில் படும்படி இருக்காது. கண்ணாடிக்குக் கீழே உள்ள மேசையின் இழுப்பறைக்குள் இருக்கும். சில கப்பல்களில் அதன் வயர் இழுப்பறைக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும், கழற்றிக்கொண்டு நடமாட முடியாது. சிலவற்றில் அலமாரியில் துணிப்பைக்குள் தொங்கும். பழைய கப்பல்களில் குளியலறைச் சுவரில் தடித்த குழாயோடு மாட்டியிருப்பார்கள். எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்த பிறகும் இல்லை என்றால் கேபின் பணியாளரிடம் கேளுங்கள்; பெரும்பாலும் கொண்டுவந்து தருவார். ஆலப்புழைப் படகு வீடு, சிறிய ஆற்றுப் படகு போன்றவற்றுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. அங்கே முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

அது போதுமா என்பதுதான் நிஜமான கேள்வி. சுவரில் மாட்டிய குழாய் வகை மிகவும் மெதுவானது. காற்று வெதுவெதுப்பாக வரும், வேகம் இருக்காது. தோள்வரை முடிக்கே பொறுமை வேண்டும். இடுப்பு வரை முடிக்கு அதை நம்பாதீர்கள். இழுப்பறை வகை பரவாயில்லை. இன்னொரு தொந்தரவும் உண்டு: பல கப்பல்களில் பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும். கையை எடுத்தால் நின்றுவிடும். யாராவது ஓடவிட்டு மறந்துபோனால் தீப்பிடிக்காமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏற்பாடு சரியானதுதான், ஆனால் அம்மாவைப் போன்றவர்களுக்குப் பத்து நிமிடத்தில் விரல் வலி எடுத்துவிடும். அவருக்கு நீங்களோ மகளோ உலர்த்திவிடுவதாகவே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை வாட் வேண்டும் என்று பலரும் குழம்புகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். துண்டால் ஒற்றிய பிறகும் நீள முடியில் 100 கிராம் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 100 கிராமுக்கு 2,40,000 ஜூல். 1,000 வாட் டிரையர் விநாடிக்கு 1,000 ஜூல் தருகிறது. அத்தனையும் முடிக்கே போய்ச் சேர்ந்தால் நான்கே நிமிடத்தில் வேலை முடிய வேண்டும். ஆனால் சூடான காற்றில் பெரும்பகுதி முடியைத் தொட்டும் தொடாமலும் அறைக்குள் போய்விடுகிறது. நான்கில் ஒரு பங்குதான் பயன்படுகிறது என்று கொண்டால் பதினாறு நிமிடம் ஆகும். இந்த நான்கில் ஒரு பங்கு தோராயம்தான். கை அசைவையும் முடியின் அடர்த்தியையும் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் கணக்கு சொல்லும் விஷயம் மாறாது. துண்டு இன்னும் 50 கிராம் தண்ணீரை இழுத்துக்கொண்டால் எட்டு நிமிடம் மிச்சம். அதே எட்டு நிமிடத்தை டிரையரால் மிச்சப்படுத்த வேண்டுமானால் 2,000 வாட் டிரையர் வாங்க வேண்டும்.

அதனால்தான் டிரையரை எடுப்பதற்கு முன் ஆளுக்கு ஒரு நல்ல ஈரிழைத் துண்டை எடுத்து வையுங்கள் என்கிறேன். பலமுறை துவைத்து மெலிந்த பழைய துண்டு என்றால் இன்னும் நல்லது. புதுத் துண்டு கஞ்சி போகும்வரை தண்ணீர் குடிக்காது. கப்பலில் தரும் தடித்த பூத்துவாலை உடம்புக்கு நல்லது. ஆனால் நீள முடியைச் சுற்றிக் கட்டினால் கனம் தாங்காமல் அவிழ்ந்து விழும். ஈரிழை இறுக்கமாக நிற்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்தும்விடும்.

அடுத்தது அனுமதி. ஹேர் டிரையர், முடி நேராக்கும் கருவி, சுருட்டும் கருவி ஆகியவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. நம் ஊர்க் குடும்பங்களின் பெட்டி பிடிபடுவது வேறு சாமான்களால். சட்டைக்கும் பட்டுப்புடவைக்கும் என்று வைக்கும் இஸ்திரிப் பெட்டி, துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமர், வெந்நீர் வைக்கும் கெட்டில், வாளியில் போடும் ஹீட்டர் கம்பி, எலெக்ட்ரிக் குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவை ஏறும்போதே ஸ்கேனரில் தெரிந்துவிடும். எடுத்து வைத்துக்கொண்டு பயண முடிவில் திருப்பித் தருவார்கள். மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம், தீபம் எதுவும் கேபினில் கூடாது. தலைக்குக் குளித்துவிட்டுச் சாம்பிராணிப் புகை காட்டி உலர்த்தும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கப் சாம்பிராணியும் இந்தப் பட்டியலில்தான் வரும். கேபின் கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது. அது கூவினால் தீயணைப்புக் குழுவே கதவுக்கு வந்து நிற்கும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், நடுக்கடலில் தீ பிடித்தால் ஓடிப்போய் நிற்க வேறு இடம் கிடையாது. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தொடங்கிய தீ, கொஞ்ச நேரத்தில் பல அடுக்குகளுக்குப் பரவியது. புகையில் ஒரு பயணி இறந்தார். அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருந்திருக்கும் என்று விசாரணை முடிவு சொன்னது. கப்பல்காரர் உங்கள் இஸ்திரிப் பெட்டியை வாங்கி வைத்தால் சங்கடப்படாதீர்கள். பல கப்பல்களில் சலவைக்குக் கொடுக்கலாம். சிலவற்றில் பயணிகளே பயன்படுத்தும் சலவை அறையில் இஸ்திரிப் பெட்டியும் இருக்கும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரையர் கொண்டுபோகிறவர்கள் அதையும் சேர்த்தே எடுத்து வைக்கிறார்கள். வீட்டில் நியூட்ரல் கம்பி பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். ஃபேஸ் கம்பியில் மட்டும்தான் ஷாக் அடிக்கும். பெரும்பாலான கப்பல்களில் அப்படி இல்லை. ஒரு இடத்தில் மின்கசிவு வந்தாலும் முக்கியமான இயந்திரங்களுக்கு மின்சாரம் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு கம்பிகளையுமே இரும்பு உடலோடு சேர்க்காமல் விட்டிருப்பார்கள். நீங்கள் வாங்கும், சர்ஜ் புரொடெக்டர் (வோல்ட் திடீரென எகிறினால் காக்கும் உறுப்பு) வைத்த பாக்ஸோ, மின்னல் பாதுகாப்பு என்று எழுதி விற்கும் பாக்ஸோ வீட்டு அமைப்புக்காகச் செய்தது. அதற்குள் இருக்கும் பாதுகாப்பு உறுப்பு கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். கப்பலில் எங்கோ கசிவு வந்தால் அதன் வழியே மின்சாரம் ஓடிச் சூடாகும்; பாக்ஸின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பதால் அணைத்தாலும் முழுதாக அணையாது. இதைப் பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-லேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது. சில நிறுவனங்கள் சர்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த எக்ஸ்டென்ஷனும் கூடாது என்கின்றன. ஒரு பிளக்குக்கு ஒரு அடாப்டர், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கப்பல் கேபின்களில் பொதுவாக இரண்டு வகை சாக்கெட்டுகள் இருக்கும். இரண்டு தட்டை முனைகள் பக்கம் பக்கமாகப் போகும் அமெரிக்க வகை 110 வோல்ட். குழிந்த வட்டத்துக்குள் இரண்டு உருண்டைத் துளைகள் உள்ள ஐரோப்பிய வகை 220 வோல்ட். புதிய கப்பல்களில் இரண்டுமே மேசைக்கு மேலே அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கலாம். அமெரிக்கப் பயணிகளுக்காகக் கட்டிய பழைய கப்பல்களில் 110 வோல்ட் மட்டும், அதுவும் ஒன்றோ இரண்டோ இருக்கலாம். உங்கள் டிரையரில் 220–240 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் ஐரோப்பிய சாக்கெட்டில் தாராளமாக ஓடும். கப்பல் மின்சாரம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. டிரையருக்கு இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல.

அதே டிரையரை 110 வோல்ட் சாக்கெட்டில் மாட்டினால் என்ன ஆகும்? வெடிக்காது, புகையாது. வோல்ட் பாதியானால் வெப்பச்சுருளின் சக்தி பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். 1,200 வாட் டிரையர் 300 வாட்டுக்கும் கீழே இறங்கி, மோட்டாரும் மெதுவாகச் சுற்றி, இளஞ்சூட்டில் மூச்சு விடுவது போல் காற்று வரும். அதை வைத்து இடுப்பு வரை முடியை உலர்த்த முடியாது. டைசன் போல எலெக்ட்ரானிக் மோட்டார் உள்ள விலை கூடிய டிரையர்கள் அந்தந்த நாட்டு வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை. இந்தியாவில் வாங்கியதை 110-ல் மாட்டிப் பார்க்கவே வேண்டாம். வோல்ட்டைக் கூட்டும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமே என்றால், 1,200 வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ கனக்கும், கப்பல் பாதுகாப்பிலும் கேள்வி வரும். அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 110 வோல்ட் டிரையரை 220-ல் மாட்டினால் சக்தி நான்கு மடங்காகும். சில விநாடிகளில் சுருள் சிவந்து, பிளாஸ்டிக் உருகி, கருகும் வாடை வரும். பயணத்துக்கென்றே விற்கும் இரட்டை வோல்ட் டிரையரிலும் இந்தத் தவறு நடக்கிறது. அவற்றின் கைப்பிடியில் சின்ன வட்டத் திருகு ஒன்று இருக்கும். நாணயத்தாலோ ஸ்க்ரூ டிரைவராலோ திருப்பி 110-லோ 220-லோ வைக்க வேண்டும். தானாக மாறிக்கொள்ளாது. 110-ல் திருகியதை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து 230-ல் மாட்டினால் அதோடு அதன் கதை முடிந்தது. ஊரில் கிளம்பும்போது 220-ல் வைத்து, கப்பலில் ஐரோப்பிய சாக்கெட் இருந்தால் அதைத் தொடாமலே விட்டுவிடுவதுதான் நல்லது. முடி நேராக்கும் கருவிகளில் பலவும் 100–240 வோல்ட்டில் தாமாகவே வேலை செய்யும். அவற்றுக்குத் திருகு கிடையாது. எதுவானாலும் லேபிளில் இருப்பதை மட்டும் நம்புங்கள், கடைக்காரர் வாய்ச்சொல்லை அல்ல.

லேபிளைப் பார்க்கும்போது, ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை என்பது அதன் பொருள். ஹேர் டிரையர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அதனால்தான் அவற்றில் பலவும் இரண்டு உருண்டை முனைப் பிளக்கோடு வருகின்றன. அந்தப் பிளக்கின் முனை 4.8 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஐரோப்பிய சாக்கெட்டில் நேராகவே போகும். நம் ஊர் மூன்று முனை 6 ஆம்பியர் பிளக் போகாது. அதன் கீழ் முனைகள் கொஞ்சம் தடிமன், மேலே எர்த் முனையும் வட்டத்தில் இடிக்கும். அழுத்தித் திணித்தால் சாக்கெட் விரிந்து, பிறகு பிளக் தளர்வாக நின்று பொறி பறக்கும். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் உள்ள எலெக்ட்ரிக்கல் கடைகளில் இதற்கான அடாப்டர் வாங்கலாம், ஆனால் அதில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். 1,200 வாட்டை 230-ஆல் வகுத்தால் 5.2 ஆம்பியர். 6 ஆம்பியர் அடாப்டர் விளிம்பில் நிற்கும். 10 ஆம்பியர் என்றால் நிம்மதி. போன் சார்ஜருக்கென்று செய்த லேசான அடாப்டரில் டிரையரை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் தொட முடியாதபடி சூடாகிவிடும். வாங்கியதை வீட்டிலேயே சோதிக்க வழி இல்லாமல் போகலாம், அதனால் கப்பலில் முதல்முறை ஓட்டும்போது மூன்று நிமிடத்தில் நிறுத்திவிட்டு அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு சரி. கையை எடுக்கும்படி சுட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

குளியலறையில் கண்ணாடி அருகே ஒரு சாக்கெட் இருக்கும், சவரக் கருவியின் படம் போட்டிருக்கும். முடி உலர்த்த வசதியான இடம் அதுதான் என்று தோன்றும். அதில் டிரையரை மாட்டவே கூடாது. அதற்குப் பின்னால் இருப்பது 20 முதல் 50 வாட் வரைக்கும் மட்டும் தாங்கும் சின்னத் தனி டிரான்ஸ்ஃபார்மர். ஈரக் கையோடு தொட்டாலும் ஆபத்து குறைவாக இருக்கட்டும் என்று சவரக் கருவிக்கும் பல் துலக்கும் கருவிக்கும் வைத்தது. டிரையரை மாட்டினால் அது அறுந்துபோகும், அதைச் சரிசெய்யும்வரை யாருக்கும் பயன்படாது. உலர்த்தும் வேலையை எப்போதும் கேபின் மேசை முன்னால், வறண்ட தரையில் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் கதவை மூடி வையுங்கள். ஆவி வெளியே வந்து கூரையில் இருக்கும் உணரியைத் தூண்டக்கூடும்.

இரண்டு டிரையர் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் கேபினின் பிரேக்கர் விழ வாய்ப்பிருக்கிறது. சில கப்பல்களில் பக்கத்துக் கேபினும் அதே பிரேக்கரில்தான் இருக்கும், அவர்கள் விளக்கும் சேர்ந்து அணையும். அது பெரிய பழுது அல்ல; தொலைபேசியில் சொன்னால் ஆள் வந்து போட்டுவிடுவார். ஆனால் இரவு விருந்துக்கு முன்னால் ஐந்தரை ஆறு மணிக்கு எல்லாக் கேபினிலும் இதே வேலை நடக்கும், ஆள் வர நேரமாகும். அப்படியானால் இரண்டாவது டிரையர் எதற்கு? கப்பல் டிரையர் மெதுவானதாக இருந்தாலோ, மக்கர் செய்தாலோ கைகொடுக்க. மூவரும் ஒரே நாளில் தலைக்கு ஊற்றாமல், அம்மா காலையில், நீங்கள் மதியம், மகள் மறுநாள் என்று பிரித்துக்கொண்டால் ஒரே டிரையரில்கூடச் சமாளிக்கலாம். நான்கு இரவுதான் என்பதால் ஆளுக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறைதான் தேவைப்படும்.

ஓடிக்கொண்டிருந்த டிரையர் திடீரென நின்றுவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் பின்பக்கத்துக் கம்பி வலையைப் பாருங்கள். முடியும் துணிப்பஞ்சும் அடைத்திருந்தால் காற்று உள்ளே போகாது. சுருள் அளவுக்கு மேல் சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பச் சுவிட்ச் தானாக நிறுத்திவிடும். பிளக்கைக் கழற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, காய்ந்த பல் துலக்கும் பிரஷால் வலையைத் தேய்த்துவிட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் ஓடும். பல பேர் கைபட்ட கேபின் டிரையர்களில் இது சகஜம். அப்படியும் ஓடவில்லை, மேசை விளக்கு மட்டும் எரிகிறது என்றால் டிரையர்தான் பழுது. விளக்கும் எரியவில்லை என்றால் பிரேக்கர். உங்கள் சொந்த டிரையரின் வயர், கைப்பிடியோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தாலோ இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தாலோ அதைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் அறுவது எப்போதும் அந்த இடம்தான். டேப் சுற்றிய வயரைப் பாதுகாப்புச் சோதனையில் பார்த்தால் நிறுத்திவிடவும் கூடும்.

முடி விஷயத்தில் கப்பலில் இரண்டு வித்தியாசங்களை உணர்வீர்கள். நம் ஊரில் பல வீடுகளில் போர் தண்ணீர். உப்பு அதிகம், ஷாம்பு நுரைக்காது. கப்பலில் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிச் செய்த தண்ணீர், மென்மையாக இருக்கும். வழக்கமாக எடுக்கும் ஷாம்புவில் பாதி போதும். கூடுதலாகப் போட்டால் அலசி அலசி நேரம் போகும். இரண்டாவது, காற்று. மதுரை வெயிலில் மொட்டை மாடியில் நின்றால் முடி சீக்கிரம் உலர்ந்துவிடும். சிங்கப்பூர்க் கடற்காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். பால்கனியில் நின்றால் முடி உலராது, உப்புக்காற்றில் சிக்கு மட்டும் விழும். கேபினுக்குள் ஏசி காற்று அதைவிட வறண்டது. துண்டு சுற்றிக்கொண்டு உள்ளேயே இருங்கள்.

உலர்த்தும் முறை எளிது. முடியைப் பிழிந்து, துண்டைச் சுற்றி கால் மணி நேரம் விடுங்கள்; தேய்க்க வேண்டாம். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒவ்வொரு பாகத்திலும் முதலில் மயிர்க்காலை, பிறகு நடுவை, கடைசியாக நுனியை உலர்த்துங்கள். டிரையர் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், கை அசைந்துகொண்டே இருக்கட்டும். முக்கால்வாசிக்கு மேல் உலர்ந்ததும் குளிர்காற்றுக்கு மாற்றி முடித்துவிடலாம். எண்ணெய் வைத்த தலைக்குச் சூடான காற்று வேண்டாம். டிரையர் முடியைக் கெடுக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. நெருக்கிப் பிடித்துக் கூடுதல் சூட்டில் உலர்த்தினால் முடியின் மேற்புறம் சேதமாகும் என்பது உறுதி. ஆனால் 2011-ல் கொரியாவில் வெளியான ஓர் ஆய்வில், 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே உலர்த்திய முடியைவிட, தானாக உலரவிட்ட முடியின் உட்பகுதியில்தான் ஒருவகைச் சேதம் தெரிந்தது. நீண்ட நேரம் ஈரமாகவே இருந்தது காரணமாக இருக்கலாம் என்றார்கள். அது வெட்டியெடுத்த முடிக் கற்றைகளில் செய்த சோதனை என்பதால், தலையில் உள்ள முடிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்தால் பயப்பட வேண்டியதில்லை என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஈரத்தலையோடு ஏசியில் படுத்தால் நீர் கோத்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லுவார். சளி வருவது வைரஸால்தான், ஈர முடியால் அல்ல. ஆனால் குளிர்ந்த அறையில் ஈரத்தலை உடம்பை நடுங்கவைக்கும், தலை பாரமாக இருக்கும். அந்த அவஸ்தை உண்மை. ஈரத்தோடு இறுக்கிப் பின்னினால் உள்ளே காயாமல் வாடையும் வரும். அவருக்கு மயிர்க்கால் வரைக்குமாவது உலர்த்திவிடுங்கள். மல்லிகைச் சரம் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விமானம் ஏறும் நாளோடு முடித்துக்கொள்ளுங்கள். பூவுக்கும் பழத்துக்கும் பல நாடுகளில் தாவரச் சோதனை விதிகள் உண்டு.

விமானத்தில் வயர் உள்ள ஹேர் டிரையரைக் கைப்பையிலும் வைக்கலாம், பெரிய பெட்டியிலும் வைக்கலாம். பயண டிரையர் அரைக் கிலோவுக்குள் அடங்கும். கைப்பைக்கு 7 கிலோதான் என்பதால் பெரிய பெட்டியே வசதி. பேட்டரியில் ஓடும் டிரையர் என்றால் கைப்பையில் வையுங்கள். பேட்டரி 100 வாட்-மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கைப்பையில் வைக்கும் ஹேர் ஸ்பிரே, சீரம் எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் இருக்கக் கூடாது.

சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் போகும் எண்ணம் இருப்பவர்களுக்கும் இதே விதிகள்தான். கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 1990-ல் ராயல் கரீபியனுக்காகக் கட்டியது. அந்தக் காலத்துக் கப்பல்களில் சாக்கெட் எந்த வகை என்று கேட்காமல் போகக் கூடாது. எந்தக் கப்பலானாலும் டிக்கெட் போட்டுக்கொடுத்தவரிடம் பொதுவாக விசாரிப்பதைவிட, கப்பல் பெயரையும் கேபின் வகையையும் எழுதி நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். கேபினில் 220 வோல்ட் ஐரோப்பிய சாக்கெட் எத்தனை, டிரையர் கையில் எடுக்கும் வகையா சுவரில் மாட்டியதா, சொந்த டிரையருக்கு வாட் வரம்பு உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பாதுகாப்புச் சோதனையில் யாராவது தயங்கினாலும் காட்டலாம்.

கப்பலுக்கு முன்னோ பின்னோ சிங்கப்பூரில் ஓர் இரவு தங்குவதானால் அங்கே சாக்கெட் மூன்று தட்டை முனை கொண்ட பிரிட்டிஷ் வகை, 230 வோல்ட். கப்பலுக்கு வாங்கிய ஐரோப்பிய அடாப்டர் அங்கே உதவாது. அதற்கென்று 13 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த அடாப்டர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஓட்டல் வரவேற்பில் இரவல் கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள்.